விளக்கிலிருந்து தோலுக்கு

1937இல் லண்டனில் நடந்த ஒரு கார் விபத்தில் நடிகை மெர்ல் ஓபரானின் முகத்தில் பலத்த காயம் பட்டது. அவர் அப்போது நடித்துக்கொண்டிருந்த ‘ஐ, கிளாடியஸ்’ படம் பாதியில் கைவிடப்பட்டது. ஓபரான் பம்பாயில் பிறந்தவர். கலப்பினப் பெண் என்று தெரிந்தால் வாய்ப்புப் போய்விடும் என்பதால் டாஸ்மேனியாவில் பிறந்ததாகவே சொல்லிவந்தார். ஏற்கெனவே ஒன்றை மறைத்து வாழ்ந்த அந்த முகத்தில் இப்போது தழும்புகளும் சேர்ந்துகொண்டன. தோல் சிகிச்சைகள் ஓரளவுக்கு மேல் பலன் தரவில்லை. 1944இல் வெளிவந்த ‘தி லாட்ஜர்’ படத்தின் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்டு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கேமராவின் லென்ஸை ஒட்டியே சிறிய விளக்கு ஒன்றைப் பொருத்தினார். பக்கவாட்டு வெளிச்சத்தில் தோலின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தனக்கென ஒரு நிழலைப் போடும். நேர் எதிரிலிருந்து வரும் வெளிச்சத்தில் நிழல் விழ இடமில்லை. நிழல் போனதும் தழும்பும் போயிற்று. ஓபரானின் பெயராலேயே ‘ஓபி’ என்று அழைக்கப்பட்ட அந்த விளக்கு இன்றும் ஒளிப்பதிவாளர்களின் புழக்கத்தில் இருக்கிறது.

நடிகைகளின் முகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கத்தியிலிருந்தும் ஊசியிலிருந்தும் தொடங்குகிறார்கள். யார் மூக்கைச் சரிசெய்துகொண்டார், யார் உதட்டில் ஊசி போட்டுக்கொண்டார் என்ற பட்டியலில் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பட்டியலால் நாம் எதையும் புரிந்துகொள்ளப் போவதில்லை. திரையில் ஒரு பெண் இளமையாகத் தெரிய வேண்டும் என்பது சினிமாத் தொழில் தன் லாபத்துக்காக வைத்திருக்கும் தேவை. அந்தத் தேவைக்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஓபரான் காலத்தில் அதில் பெரும்பகுதியை ஸ்டூடியோ ஏற்றது. லென்ஸின் மேல் மெல்லிய துணியைக் கட்டினார்கள், வாஸலின் தடவினார்கள், மணிக்கணக்கில் விளக்கை நகர்த்தினார்கள். நடிகை மார்லின் டீட்ரிக்குக்காக இயக்குநர் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க் முக்கிய விளக்கை நெற்றிக்கு மேலே உயரத்தில் வைத்தார். மூக்கின் அடியில் சின்னதாக ஒரு நிழல் விழும், கன்னம் உள்வாங்கித் தெரியும், கண்ணடியில் சோர்வு தெரியாது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. ரீட்டா ஹேவொர்த்தின் ஸ்பானியச் சாயலைப் போக்க ஸ்டூடியோ அவர் முன்நெற்றி முடியை மின்சாரத்தால் வேரோடு கருக்கி நெற்றிக் கோட்டையே மேலே ஏற்றியது. 2013இல் ஏலத்துக்கு வந்த மர்லின் மன்றோவின் மருத்துவக் குறிப்புகள், 1950இல் அவர் முகவாயில் குருத்தெலும்பு வைக்கப்பட்டதைக் காட்டின. ஆனால் வயதை மறைக்கும் வேலை அன்று முதன்மையாக விளக்கின் வேலையாகத்தான் இருந்தது. விளக்காலும் முடியாத கட்டம் வந்தபோது நடிகைகள் விலகிக்கொண்டார்கள். கிரேட்டா கார்போ 36 வயதில் நடிப்பை நிறுத்தினார். டீட்ரிக் 1984இல் தன்னைப் பற்றிய ஆவணப்படத்துக்குக் குரலைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்க மறுத்தார். இயக்குநர் மேக்ஸிமிலியன் ஷெல் பழைய படத் துண்டுகளையும் அந்தக் குரலையும் வைத்தே படத்தை முடிக்க வேண்டியிருந்தது.

இந்தத் தேவை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஹாலிவுட் வரைக்கும் போக வேண்டியதில்லை. 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ வெளிவந்தபோது ஸ்ரீவித்யாவுக்கு வயது 22. அதில் அவர் ஜெயசுதாவின் தாய். ஜெயசுதா அவரைவிட ஐந்தே வயது இளையவர். பிரிந்துபோன கணவனாகப் படத்தின் பிற்பகுதியில் வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு வருபவர் ரஜினிகாந்த். அதுதான் அவருடைய முதல் படம். பதினாறு ஆண்டுகள் கழித்து 1991இல் ‘தளபதி’ வந்தது. அதில் 38 வயது ஸ்ரீவித்யா, 40 வயது ரஜினிகாந்துக்குத் தாய். பதின்வயதில் பெற்ற பிள்ளை என்று கதை சொல்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் மனைவியாக நடித்தவர் தன்னைவிட மூத்த அதே நடிகருக்குத் தாயாகும் வழி மட்டும் எப்போதும் திறந்திருக்கிறது. எதிர்த்திசையில் பயணித்தவர்கள் மிக அரிது. சுஜாதாவுக்கும் இதுவே நடந்தது. ‘அவர்கள்’ படத்தில் 1977இல் ரஜினிக்கு மனைவி, 2002இல் ‘பாபா’ படத்தில் தாய். அவர் ரஜினியைவிட இரண்டு வயது இளையவர்.

இருவரும் எந்த வேடத்தையும் தாங்கக்கூடிய நடிகைகள் என்பதால் அந்தப் பாத்திரங்கள் நிமிர்ந்து நின்றன. ரயிலின் கூவல் கேட்கும்போதெல்லாம் ‘தளபதி’யில் ஸ்ரீவித்யாவின் கண்கள் ஒரு கணம் எங்கோ போய்த் திரும்பும். அந்தக் கண்களில் ஒரு முழு வாழ்க்கை இருந்தது. அவரைப் போன்ற ஒருவருக்கு 38 வயதில் தாய் வேடத்தைத் தவிர வேறென்ன எழுதப்பட்டது என்று யோசித்தால் எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. ‘மார்க்கெட் போயிற்று’ என்று கோடம்பாக்கத்தில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். திறமை குறைந்தால் போவதல்ல அந்த மார்க்கெட். அதற்கு நாள் குறிப்பவர்கள் பாத்திரம் எழுதுகிறவர்கள், ஜோடி தேடுகிறவர்கள், பணம் போடுகிறவர்கள்.

ஹாலிவுட்டில் இந்தக் கணக்கைப் பொருளாதார அறிஞர்களே உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிளெம்ஸன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபிளெக்கும் ஆண்ட்ரூ ஹான்ஸனும் மௌனப்படக் காலம் தொட்டு 2011 வரையிலான படங்களை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இருபது வயதுகளின் தொடக்கத்தில் முன்னணி வேடங்களில் பெண்களே அதிகம். முப்பதைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகிறது. ஏறத்தாழ 80 சதவீதம் ஆண்களிடம் போய்விடுகிறது. இவ்வளவு நீண்ட காலத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள், தொழிற்சாலைக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்கள், பிரதமரானார்கள். திரையில் அவர்களுக்கான வயது மட்டும் பெரிதாக நகரவில்லை. நடிகை மேகி ஜில்லென்ஹால் 2015இல் சொன்னது இந்தப் புள்ளிவிவரத்துக்கு ஒரு முகத்தைத் தருகிறது. 55 வயது நடிகருக்குக் காதலியாக நடிக்க, 37 வயதான தனக்கு வயது அதிகம் என்று மறுத்துவிட்டார்களாம்.

கலிஃபோர்னியா மாநிலம் இதைச் சட்டத்தால் சரிசெய்ய முயன்றது. நடிகர் சங்கத்தின் ஆதரவோடு 2016இல் ஒரு சட்டம் வந்தது. ஐஎம்டிபி போன்ற திரைப்படத் தகவல் தளங்களில் சந்தா கட்டிப் பதிவுசெய்திருக்கும் நடிகர் கேட்டுக்கொண்டால் அவர் வயதை நீக்கிவிட வேண்டும் என்றது. உண்மைத் தகவலை வெளியிடுவதைத் தடுப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018இல் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2020இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. எனக்கும் அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. பாகுபாடு காட்டுகிறவரை விட்டுவிட்டு வயதை மறைக்கச் சொல்லும் சட்டம், நடிகை ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைத்தான் அரசு முத்திரையோடு செய்யச் சொன்னது.

எண்ணை மறைக்கலாம், முகத்தை மறைக்க முடியாது. முகம் முதிர்வது எப்படி என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் இந்தச் சிகிச்சைகள் எங்கே வழுக்குகின்றன என்பது புரியும். சுருக்கம் விழுவது மட்டும் முதுமை அல்ல. கன்னத்திலும் கண்ணடியிலும் தனித்தனி அறைகளாக இருக்கும் கொழுப்பு ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு வேகத்தில் வற்றுகிறது. அடியில் எலும்பே தேய்கிறது. கண்குழி அகலமாகிறது, மேல்தாடை பின்வாங்குகிறது. தாங்கிப் பிடித்த அடித்தளம் சுருங்க, மேலே இருக்கும் தோல் தொய்கிறது. தொடக்க காலத்து ஃபேஸ் லிஃப்ட் சிகிச்சை தோலை மட்டும் காதுப் பக்கமாக இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைத்தது. காற்றுக்கு எதிரே நிற்பது போன்ற அந்த இழுபட்ட முகத்தைப் பழைய படங்களில் பார்த்திருப்போம். 1970களில் தோலுக்குக் கீழே தசைகளைப் போர்த்தியிருக்கும் படலத்தைச் சேர்த்துத் தூக்கும் முறை வந்தது. 1990களில் இன்னும் ஆழமான அடுக்குக்குப் போனார்கள். முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் அந்த அடுக்கை ஒட்டியே ஓடுகின்றன. கை தேர்ந்தவர்கள் செய்யும்போது முடிவுகள் வியப்பூட்டுபவை. ஆனால் வற்றிய கொழுப்பையும் தேய்ந்த எலும்பையும் எந்த இழுவையும் திருப்பித் தராது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ஃபில்லர் வந்தது. ஹயலூரானிக் அமிலக் கூழை ஊசியால் ஏற்றுகிறார்கள். அளவு மீறினால் முகம் உப்பிவிடும். ஊசி தவறி ரத்தக் குழாயில் இறங்கினால் தோல் அழுகும். அரிதாகப் பார்வையே போகும்.

போடாக்ஸின் கதை வேறு. அது அழகுக்காகப் பிறந்ததே இல்லை. ஆலன் ஸ்காட் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்யத் தேடிய மருந்து அது. கெட்டுப்போன உணவில் நஞ்சேற்றும் பாக்டீரியாவின் நச்சைத் துளியளவு செலுத்தினால், நரம்பு தசைக்கு அனுப்பும் ரசாயனச் செய்தி தடைப்பட்டுத் தசை தளர்ந்துவிடும். 1989இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸிடம் கண் துடிப்புக்காக இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களின் புருவ மத்தியில் சுருக்கம் மறைவது கவனத்துக்கு வந்தது. அவரும் தோல் மருத்துவரான அவர் கணவர் அலாஸ்டரும் 1992இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். 2002இல் அழகுச் சிகிச்சைக்கும் அனுமதி வந்தது. புருவங்களுக்கு இடையே ஐந்து இடங்களில், இடத்துக்கு நான்கு யூனிட் வீதம் மொத்தம் 20 யூனிட். சில நிமிட வேலை. சில நாளில் தசை அடங்கும், மூன்று நான்கு மாதத்தில் மீண்டும் அசையத் தொடங்கும். அப்போது மறுபடி ஊசி.

அடங்குவது எந்தத் தசை என்பதில்தான் நடிப்புக் கலைக்கு வேலை இருக்கிறது. அந்தத் தசைகள்தான் புருவத்தை நெரிப்பவை. கோபம், துயரம், ஐயம், வலி, யோசனை எல்லாம் முதலில் தோன்றும் இடம் அது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென்றே தனி இயல் வகுத்தார். பரதரின் நாட்டிய சாஸ்திரம் புருவத்துக்கு மட்டும் ஏழு அசைவுகள் சொல்கிறது. மேடையில் தூரத்தில் இருந்த அந்தப் புருவத்தைப் பல அடி அகலத்துக்கு விரித்துக் காட்டிய கலை சினிமா. குளோசப்பின் மொத்த ஆற்றலும் அங்கேதான் இருக்கிறது. இளமையைக் காப்பாற்றிக்கொள்ள நடிகை தன் கருவியின் ஒரு தந்தியைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. டேவிட் நீல், டான்யா சார்ட்ரண்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இன்னொரு சந்தேகத்தையும் எழுப்பியது. போடாக்ஸ் போட்டுக்கொண்டவர்கள், ஃபில்லர் போட்டுக்கொண்டவர்களைவிடப் பிறர் முகத்தின் உணர்ச்சியைக் கண்டுகொள்வதில் சற்றுப் பின்தங்கினார்கள். எதிரே இருப்பவரின் முகத்தை நம் முகமும் நுண்மையாக நடித்துப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறது என்ற கருத்துக்கு இது வலு சேர்க்கிறது. எதிரே நிற்பவரைக் கேட்டு நடிப்பதுதான் நல்ல நடிப்பு என்று நடிப்பாசிரியர்கள் பலரும் சொல்வதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டே ஏன் போகிறார்கள்? நடிகை ஜேமி லீ கர்டிஸ் சொன்ன சம்பவம் ஒன்றே போதும். 1985இல் வெளிவந்த ‘பெர்ஃபெக்ட்’ படப்பிடிப்பில், அவர் கண்ணடி வீங்கியிருப்பதால் அன்று படமெடுக்க முடியாது என்று ஒளிப்பதிவாளர் சொல்லிவிட்டார். கர்டிஸுக்கு அப்போது 25 வயது. படம் முடிந்த கையோடு கண்ணடியில் அறுவைசிகிச்சை செய்துகொண்டார். வலிக்குக் கொடுத்த மாத்திரை அபின் வகையைச் சேர்ந்தது. அதற்கு அடிமையாகிப் பல ஆண்டுகள் போராடி மீண்டார். ஓபரானுக்காக விளக்கை நகர்த்திய ஒளிப்பதிவாளர் இருந்த தொழிலில், நாற்பதாண்டு கழித்துக் கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்த பதில் ‘முகத்தைச் சரிசெய்துகொண்டு வா’ என்பதாக மாறியிருந்தது. பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது, 4கே வந்தது, தோலின் ஒவ்வொரு துவாரமும் தெரியத் தொடங்கியது. விளக்கு செய்த வேலை தோலின் தலையில் விழுந்தது. மருத்துவருக்கான பணமும் வலியும் ஆபத்தும் நடிகையுடையவை, ஒப்பந்தத்துக்கு வெளியே.

அந்த ஆபத்து சில சமயம் உயிரையும் எடுத்திருக்கிறது. தமிழில் ‘பம்பரக் கண்ணாலே’ படத்தில் நடித்த, தெலுங்கில் முன்னணியில் இருந்த ஆர்த்தி அகர்வால் 2015 ஜூனில் அமெரிக்காவில் இறந்தார். சில வாரங்களுக்கு முன் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்டவர், மூச்சுத் திணறலால் அவதிப்பட்டார் என்று அவருடைய மேலாளர் சொன்னார். வயது 31.

செலவை நடிகையின் மேல் ஏற்றிவிட்ட பிறகு, அவரைக் கேலி செய்யும் உரிமையை நாம் எடுத்துக்கொண்டோம். இதில் பார்வையாளர்களாகிய நமக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. 2014 ஆஸ்கர் மேடைக்கு 81 வயது கிம் நோவாக் வந்தார். 1958இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வில், ஓர் ஆண் தன் மனத்திலிருக்கும் முகத்துக்கு ஏற்ப உடையையும் முடியையும் மாற்றச் சொல்லி ஒரு பெண்ணை வதைப்பதை நடித்துக் காட்டியவர் அவர். அன்றிரவு உலகமே அவர் கன்னத்தைப் பார்த்துச் சிரித்தது. டொனால்டு டிரம்ப்பும் அதில் சேர்ந்துகொண்டார். முகத்தில் கொழுப்பு ஊசி போட்டுக்கொண்டதை நோவாக் ஒப்புக்கொண்டார். அந்தக் கேலி தன்னை முடக்கிப் போட்டதையும் வெளிப்படையாக எழுதினார். 2016இல் நடிகை ரெனே ஸெல்வெகர் தன் பழைய முகத்தோடு இல்லாவிட்டால் அவர் வேறு நடிகையா என்று ‘வெரைட்டி’ பத்திரிகையின் விமர்சகர் கேட்டார். தான் கண்ணில் அறுவைசிகிச்சை செய்துகொள்ளவில்லை என்று ஸெல்வெகர் பதில் எழுத வேண்டியிருந்தது. எதற்காக ஒரு நடிகை தன் கண்ணிமைக்கு விளக்கம் சொல்ல வேண்டும்? 2018இல் துபாயில் ஸ்ரீதேவி இறந்தபோது அறுவைசிகிச்சைகளே காரணம் என்ற ஊகம் உடனே கிளம்பியது. சிவகாசி அருகே பிறந்து, நான்கு வயதிலிருந்து கேமரா முன் நின்ற ஒரு பெண்ணின் உடல் ஊர் வந்து சேருமுன் அவர் மூக்கும் உதடும் விவாதத்துக்கு வந்துவிட்டன. நினைவிழந்து தற்செயலாக நீரில் மூழ்கிய மரணம் என்று துபாய் அதிகாரிகள் வழக்கை முடித்தார்கள். ஊகித்தவர்கள் யாரும் வருத்தம் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தச் சூழலில் 2020இல் ஸ்ருதி ஹாசன், தான் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டதைச் சொல்ல வெட்கப்படவில்லை என்று எழுதியது முக்கியமானது. அவர் அதைப் பரிந்துரைக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. தன் உடல், தன் முடிவு என்றார். சிகிச்சை செய்துகொண்ட நடிகையைக் குற்றவாளியாகவோ ஏமாளியாகவோ நான் பார்க்கவில்லை. செய்துகொள்ளாதவரை வீராங்கனையாக்குவதும் இன்னொரு வகைக் கண்காணிப்புதான்.

இதே காலத்தில் ஆண் நட்சத்திரங்களின் வயதுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். 2019இல் மார்ட்டின் ஸ்கார்ஸேஸி ‘தி ஐரிஷ்மேன்’ எடுத்தார். ராபர்ட் டி நீரோ, அல் பச்சீனோ, ஜோ பெஷி மூவரும் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களை இளைஞர்களாகவும் நடுவயதினராகவும் காட்டப் புதிய கேமரா அமைப்பே உருவாக்கி, கணினியில் பெரும் பணம் செலவழித்தது தயாரிப்பு நிறுவனம். 2024இல் நம் ‘கோட்’ படத்தில் 50 வயது விஜய், தன் மகனாகவும் நடிப்பதற்காக டி-ஏஜிங் தொழில்நுட்பத்தால் இருபதுகளுக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்த இளைய விஜய்க்கு ஜோடியாக மீனாட்சி சௌத்ரி நடித்தார். 1997இல் பிறந்த அவருக்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை. இளமை என்ற செலவைத் தயாரிப்பாளர் தன் பட்ஜெட்டில் எழுதுவது சாத்தியம்தான். யாருக்காக எழுதுகிறார் என்பதில்தான் வித்தியாசம். நடிகைகளின் தோலையும் கணினியில் ஃபிரேம் ஃபிரேமாக வழவழப்பாக்குகிறார்கள். ஆனால் அது வந்ததால் ஊசி நின்றுவிடவில்லை. பட விழா, விளம்பரம், பேட்டி, ரசிகரின் கைபேசி எல்லாவற்றுக்கும் அதே முகத்தோடு போய் நிற்க வேண்டும்.

2024இல் கொராலி ஃபார்ஷா எழுதி இயக்கிய ‘தி சப்ஸ்டன்ஸ்’ இந்த வலியை நேரடியாகக் கையிலெடுத்தது. ஐம்பதாவது பிறந்தநாளில் தொலைக்காட்சி வேலையை இழக்கும் பெண்ணாக 60 வயதை ஒட்டிய டெமி மூர் நடித்தார். கண்ணாடி முன்னால் அவர் உதட்டுச் சாயத்தை அழித்து அழித்துப் பூசி, கடைசியில் முகத்தையே தேய்த்துச் சிவக்க வைத்து, வெளியே போகாமல் நின்றுவிடும் காட்சி படத்தின் எல்லா ரத்தக் காட்சிகளையும்விடக் கொடுமையானது. அந்தக் காட்சியில் வேலை செய்வது முழுக்க அவருடைய புருவமும் கண்ணும் வாயோரமும்தான்.

அப்படிப்பட்ட பாத்திரங்கள் தாமாக வருவதில்லை. நடிகை ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட் அழகுச் சிகிச்சைகளுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசிவருபவர். ஆனால் அவர் பேச்சோடு நிறுத்தவில்லை. ‘ஆலிவ் கிட்டரிட்ஜ்’ நாவலின் உரிமையைத் தானே வாங்கினார். ‘நோமேட்லேண்ட்’ நூலின் உரிமையையும் இன்னொருவரோடு சேர்ந்து வாங்கினார். 2021இல், 63 வயதில், அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரையும் தயாரிப்பாளர் என்ற முறையில் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் ஒரே இரவில் பெற்றார். நம்மிடம் இதற்கு வெகு முன்பே பி. பானுமதி இருந்தார். சொந்தமாகப் பரணி ஸ்டூடியோ வைத்திருந்தவர், படம் தயாரித்தவர், 1953இல் ‘சண்டிராணி’யை இயக்கியவர். 1992இல் ‘செம்பருத்தி’யில் பாட்டியாக வந்தபோதும் அவர் குரலும் நடையும் படத்தைத் தன் பிடியிலேயே வைத்திருந்தன. ஜோதிகா 2015இல் ‘36 வயதினிலே’ மூலம் திரும்பி வந்தார். அது மஞ்சு வாரியரின் மறுவருகையாக அமைந்த மலையாளப் படத்தின் தமிழ் வடிவம். தயாரித்தது அவர் கணவர் சூர்யாவின் 2டி நிறுவனம். அதன் பின் அவர் தொடர்ந்து மையப் பாத்திரங்களில் நடித்துவருகிறார்.

மூவருக்கும் பொதுவானது சருமம் அல்ல, கதையின் மீதும் பணத்தின் மீதும் இருந்த பிடி. அந்தப் பிடி இல்லாதவர்கள்தான் பெரும்பான்மை. முதல் படம் வருமுன்பே மூக்கைச் சரிசெய்யச் சொல்லப்படுகிற இருபது வயதுப் பெண்ணுக்கு ஸ்டூடியோ கிடையாது, வீட்டில் தயாரிப்பு நிறுவனம் கிடையாது. அவருடைய ஒப்பந்தத்தில் சம்பளமும் கால்ஷீட்டும் எழுதப்படுகின்றன. முகத்தில் எதையும் மாற்றச் சொல்லக் கூடாது என்றோ, சொன்னால் மருத்துவச் செலவும் காப்பீடும் தயாரிப்பாளரின் பொறுப்பு என்றோ ஒரு வரி அதில் சேர வேண்டும். சண்டைக் காட்சியில் அடிபட்டால் யார் பொறுப்பு என்று தொழில் சங்கங்கள் பேசி முடிவெடுக்க முடிகிறது. இதையும் அந்த மேசைக்குக் கொண்டுபோக வேண்டும்.